முன்கூட்டியே வாங்கிய மொய்

என் வாழ்க்கைக் கதையை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு நான் எதையும் சாதிக்கவும் இல்லை. பெயர் சிங்கராயர். திருவிடைமருதூர்க் கடைத்தெருவில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் எந்த வயலில் மோட்டார் எரிந்தாலும் என்னிடம்தான் வரும். "தாங்காத லோடைப் போட்டா எரியத்தான் செய்யும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்லுவேன். ஊருக்குத்தான் உபதேசம்.

என் மனைவி சவரியம்மாளின் தம்பி அருள்பிரகாஷ், ஒரு சித்திரை வெயிலில் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். வியர்த்து ஊற்றியது. காயிலுக்கு வைக்கும் இன்சுலேஷன் பேப்பரை எடுத்து அதில் ஒரு வட்டம் போட்டான்.

"இது நீங்க மச்சான். உங்களுக்குக் கீழ ரெண்டே ரெண்டு பேர். அவங்களுக்குக் கீழ ரெண்டு ரெண்டு பேர். அப்புறம் நீங்க தூங்கினாலும் பணம் வரும்."

வட்டத்துக்குக் கீழே வட்டமாகப் போட்டுக்கொண்டே போனான். கடைசி வரிசைக்குப் பேப்பரில் இடம் இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நானோ இன்னொரு பேப்பர் எடுத்துக் கொடுத்தேன்.

விற்க வேண்டிய சரக்கு, பச்சை மூடி போட்ட டப்பாவில் முருங்கைச் சத்துமாவு. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் இப்போது அது அந்தப் பெயரில் இல்லை. பணம் கட்டி டப்பா வாங்கினால் நாம் உறுப்பினர். நமக்குக் கீழே ஆள் சேர்த்தால் கமிஷன். சரி, யாரைச் சேர்ப்பது? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் இன்று எனக்கு இந்தக் கதையே கிடையாது.

இந்த ஊரில் நான் மொய் எழுதாத வீடு இல்லை. காதுகுத்து, எங்கள் சர்ச்சில் பிள்ளைகளுக்கு முதன்முதலில் நற்கருணை கொடுக்கும் புதுநன்மை, கிரகப்பிரவேசம், கல்யாணம் எதையும் விட்டதில்லை. என் வீட்டிலோ ஒரே பெண் பிரின்ஸி. அவள் புதுநன்மைக்குப் பிறகு விசேஷம் எதுவும் நடக்கவில்லை. ஆக, ஊரே எனக்குத் திருப்பிச் செய்ய வேண்டியிருந்தது. பிரின்ஸி கல்யாணத்துக்கு வர வேண்டிய மொய்யை இப்போதே வாங்கி, அந்தப் பணத்தில் ஒவ்வொருவரையும் எனக்குக் கீழே சேர்த்துவிட்டால் என்ன? இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்றே நினைத்தேன். மொய்யை வாய்விட்டுக் கேட்டவன் எங்கள் பக்கத்தில் அதுவரை ஒருவனும் இல்லை. அந்தப் பெருமை என்னையே சேரும்.

தியாகேசனிடமும் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் மகன் கல்யாணத்துக்கு அரைப் பவுன் மோதிரம் போட்டிருந்தேன். வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவனிடம் போய் நின்றேன்.

"தியாகு, பிரின்ஸி கல்யாணத்துக்குச் செய்ய வேண்டியத இப்பவே இதுல போட்டுடு. அப்ப நீ ஒண்ணும் செய்ய வேணாம்."

"மொய்யக் கேட்டா வாங்குற?"

"மொய் இல்லடா, பிசினஸ்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "சரி" என்றான். மறுநாள் பணத்தைக் கொடுத்துவிட்டு டப்பாக்களை வாங்கிக்கொண்டு போனான். அதோடு அவன் பேச்சு நின்றது.

மற்றவர்களும் அப்படித்தான், மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். கம்பெனியில் நான் 'சில்வர்' மெம்பர் ஆனேன். மயிலாடுதுறையில் ஒரு மண்டபத்தில் மேடையேற்றிச் சால்வை போட்டு, பேட்ஜ் குத்திவிட்டார்கள். கூட்டம் கைதட்டியது. தட்டியவர்கள் எல்லோரும் அடுத்து யாரை இழுக்கலாம் என்று என்னைப் போலவே தேடிக்கொண்டிருந்தவர்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பேட்ஜை ஞாயிறு பூசைக்கும் குத்திக்கொண்டு போனேன்.

எனக்குக் கீழே நிறையப் பேர். அவர்களுக்குக் கீழே ஒரு ஈ காக்கை இல்லை. அருள்பிரகாஷ் பதறிக்கொண்டு வந்தான்.

"என்ன மச்சான், உங்க ஆளுங்க யாருமே வேலை செய்யலயே?"

"மொய் வெச்சவங்க எதுக்குடா வேலை செய்யணும்? சாப்பாடு போடுன்னு வேணா கேப்பாங்க."

அப்போதுதான் கணக்கு மெல்லப் புரிந்தது. மாவு விற்று அங்கே யாரும் பணம் பார்க்கவில்லை. தியாகேசன் கட்டியதில் ஒரு சொட்டு எனக்கு, ஒரு சொட்டு என் மச்சினனுக்கு, மிச்சமெல்லாம் மேலே எங்கேயோ. புது ஆள் வருவது நின்றால் எல்லாம் நின்றுவிடும். போதாக்குறைக்கு, சில்வராக நீடிக்க மாதாமாதம் நானே டப்பா வாங்க வேண்டும். வந்த கமிஷனைப் போல இரண்டு பங்குக்கு வாங்கினேன். கடையில் மோட்டார் வைக்க இடம் இல்லாமல் போயிற்று. ஒருநாள் போனில் கம்பெனியின் ஆப் திறக்கவில்லை. மயிலாடுதுறைக்கு ஓடினேன். ஆபீஸ் வாசலில் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. அருள்பிரகாஷ் தன் பைக்கை விற்றான். அவனுக்கு மேலே இருந்தவன் போனை எடுக்கவே இல்லை.

பணம் போனதற்கு நான் அழவில்லை. தியாகேசன் எரிந்துபோன தன் மோட்டாரை என் கடை வழியாகவே ஆடுதுறைக் கடைக்கு ஏற்றிப் போனதைப் பார்த்தபோது அழுதேன்.

இந்த நேரத்தில்தான் பிரின்ஸிக்குக் கல்யாணம் கூடிவந்தது.

"மண்டபத்துக்கு யாருங்க வருவா?" என்றாள் சவரியம்மாள். "வர வேண்டியவங்க கணக்கையெல்லாம் நீங்கதான் முடிச்சிட்டீங்களே. போங்க, முதல்ல அவங்க வீட்டுக்கே பத்திரிகை வைங்க."

தியாகேசன் வீட்டில் அவன் இல்லை. இருந்துகொண்டே இல்லையோ என்னவோ. அவன் மனைவி குந்தவை பத்திரிகையை வாங்கிக்கொண்டார்.

"அந்த மாவ மாட்டுக்குக் கலந்து வெச்சேண்ணே. மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு."

மாட்டுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை என்று அவர் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

சமையல்காரரிடம் பாதிச் சாப்பாடு போதும் என்றேன். எனக்குப் பின்னாலேயே சவரியம்மாள் போய் முழுச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதுதான் சரியாயிற்று. கோயிலில் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தால், உட்கார நாற்காலி இல்லை. மொய் மேஜையில் மைக்கோடு உட்கார்ந்திருந்த என் தங்கை மகன் லியோ என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, கிஃப்ட் எல்லாம் ஒரே சைஸ்ல வருது."

ஒன்றைக் கையில் வாங்கினேன். ஆட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை, அந்தக் கனம் எனக்கு அத்துப்படி. ஜிகினா காகிதத்துக்குள் பச்சை மூடி. வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். மொய்யாக வந்ததைக் கூடுதலாகத் திருப்பிச் செய்ய வேண்டும். தேதி முடிந்த மாவுக்கு நான் எங்கே போவேன்?

தியாகேசனை மட்டும் காணோம். ஒவ்வொரு பந்தியிலும் அவன் முகத்தைத் தேடினேன். கடைசிப் பந்திக்கு இலை போடும்போது வந்தான். நேராக மேடை ஏறி மாப்பிள்ளை விரலில் ஒரு மோதிரத்தைப் போட்டான்.

"டேய், நீதான் அப்பவே செஞ்சிட்டியே" என்றேன்.

"அது மாவுக்குக் குடுத்தது. மொய் இப்பத்தான் செய்யறேன். முக்கால் பவுன். அடுத்த மாசம் பேரனுக்குக் காதுகுத்து, வந்து திருப்பிச் செய்."

வாங்கியதை அப்படியே திருப்பிச் செய்தால் எங்கள் பக்கம் கணக்கு முடிந்தது என்று அர்த்தம். கூடச் செய்தால் உறவு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். பெண்ணைப் பெற்றவன் மேடையில் அழுதால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அந்த மட்டில் பிழைத்தேன்.

"அப்புறம் அழுவலாம், வெளிய வா" என்றான். "டாட்டா ஏஸ்ல மோட்டார் கிடக்கு. ஆடுதுறைக்காரன் கட்டினது ரெண்டாந்தடவையும் எரிஞ்சு போச்சு. நாத்தங்கால் காயுது."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன். காயிலைத் தொட்டு முகர்ந்து பார்த்தேன். கருகிய வாசனை. 'தாங்காத லோடைப் போட்டா எரியத்தான் செய்யும்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் தர்றேன்டா" என்று மட்டும் சொன்னேன்.