சித்தப்பாவுக்குச் சாமி வந்த பங்குனி

பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்தே முக்கால் மணிக்கு, என் சித்தப்பா பஸ்ஸில் ஏறாமல் நின்று சிரித்தார். நேரம் எப்படி நினைவிருக்கிறது என்றால், கோவில்பட்டி டவுன் பஸ் எங்கள் ஊர் விலக்கில் வந்து நிற்பது அப்போதுதான். அவர் தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டும் வேலைக்குப் போக வேண்டும். எனக்குப் பள்ளி விடுமுறை. கூட வந்தால் செருப்பு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

நான் படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். கண்டக்டர் வெளியே தலையை நீட்டி, "அண்ணாச்சி, ஏறுதியளா, இல்ல வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?" என்றார். பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அவர்கள் ஓய்ந்த பிறகும் அவர் ஓயவில்லை. எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. காலைக் கீழே வைத்தேன். பஸ் போய்விட்டது.

சட்டையைக் கழற்றி மடித்து மைல்கல்லின் மேல் வைத்தார். செருப்பையும் கழற்றினார். அறுப்பு முடிந்து வெடித்துக் கிடந்த கரிசல் காட்டைக் காட்டி, "தாயி, இந்த மண்ணு மூச்சு விடுது பாத்தியா?" என்றார். குனிந்து பார்த்தேன். வெடிப்புகளுக்கு மேல் கானல் நெளிந்தது. எனக்கும் அது மூச்சு விடுவதாகத்தான் தெரிந்தது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர் அவர். அன்று பேசிக்கொண்டே காட்டுக்குள் இறங்கி எங்கள் குலசாமி கோயிலைப் பார்த்து நடந்தார். அவர் பேச்சில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. வெறுங்காலோடு நான் பின்னால் ஓடினேன்.

விறகுக்காகக் காய்ந்த பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் அவர் முகத்தைப் பார்த்ததும் வேலையை நிறுத்தினார்கள். ஒருத்தி, "ஏட்டி, இவியளுக்குச் சாமில்லா வந்திருக்கு!" என்று குலவை போட்டாள். அதோடு அவருக்கு என்ன வந்திருக்கிறது என்பது முடிவாகிவிட்டது.

எங்கள் வீட்டில் அதற்காகவே காத்திருந்தார்கள். கருப்பசாமிக்கு ஆடிவந்த தாத்தா முறைக்காரர் இறந்த பிறகு, சாமி வேறு யார்மீதும் இறங்கவில்லை. வருஷா வருஷம் கோயில் கொடைத் திருவிழாவில் கொட்டு அடித்து ஓய்ந்ததுதான் மிச்சம். "ஒங்க சாமி தூத்துக்குடியில வேலைக்குச் சேந்துட்டாராம்லா" என்று பங்காளிகள் கேலி பேசுவார்கள். அந்தப் பேச்சைப் பொறுக்க முடியாமல் கிடந்த பெரியப்பா, செய்தி கேட்டதும் விபூதித் தட்டோடு ஓடிவந்தார். "வந்திருக்கது யாரு? பேரைச் சொல்லும்" என்றார். சித்தப்பா, "எல்லாமும் நான்தான்" என்றார். பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பியின் காலில் விழுந்தார்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. முதல்முறை சாமி இறங்கியவர் கொடை முடியும்வரை கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. பாலும் பழமும்தான் ஆகாரம். பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது. கோயிலைச் சுற்றி உடைமரங்களில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். பால் கொண்டுபோகிறவரைத் தவிர வேறு யாரும் அதைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. பால் கொண்டுபோகும் வேலை, வயசுக்கு வராத பெண்பிள்ளை என்பதால் எனக்குக் கிடைத்தது. எனக்கு ஒரே பெருமை.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள் கொஞ்ச நாளாகத் தியான வகுப்புக்குப் போகிறாள். நேற்று போனில், "அம்மா, எனக்கு எல்லாமே புரிஞ்சிருச்சு. எல்லாம் ஒரே வெளிச்சமா இருக்கு" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். நல்ல சேதியாகவே இருக்கலாம். எத்தனையோ பேருக்கு அப்படி ஒரு கதவு திறந்து வாழ்க்கை நேராகியிருக்கிறது. ஆனால் போனை வைத்த கையோடு கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தேன். நாளை காலை அவளிடம் போகிறேன்.

சித்தப்பாவைப் பார்க்கக் கூட்டம் வந்தது. மழை வருமா, மகளுக்கு வரன் அமையுமா, காணாமல்போன கிடா எங்கே என்றெல்லாம் கேட்டார்கள். அவரும் சொன்னார். கண் சிவந்திருந்தது, சாமிக்கண் என்றார்கள். குரல் கம்மிப்போயிருந்தது, சாமிக்குரல் என்றார்கள். பாலைத் தொடாமலேயே திருப்பி அனுப்பினார், விரதம் என்றார்கள். கன்னம் ஒட்டி விலா எலும்பு தெரிந்ததற்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை.

ஒரு மத்தியானம் நான் பால் செம்போடு போனபோது அங்கே ஒருவருமில்லை. அவர் காதுகளைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தாயி, இவியள எல்லாம் கொஞ்சம் வாயை மூடச் சொல்லு" என்றார். நான் சுற்றிலும் பார்த்தேன். உடைமரமும் வெயிலும்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து சொன்னேன். பெரியப்பா, "பரிவார தெய்வமெல்லாம் வந்து அவன்கிட்டப் பேசுதுன்னா சும்மாவா!" என்று மீசையைத் தடவினார். அம்மா மட்டும் எழுந்து அடுப்படிக்குள் போனாள். சித்தி அப்போது பிரசவமாகி, எப்போதும்வென்றான் என்ற ஊரில் தாய்வீட்டில் இருந்தாள். அங்கே யாரும் சேதி சொல்லக் கூடாது, பச்சை உடம்புக்காரி பயந்துவிடுவாள் என்பது பெரியப்பாவின் கட்டளை. அன்று சாயங்காலம் அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றும் சாக்கில் வெளியே போய், அந்தப் பக்கம் போகிற ஆட்டு வியாபாரியிடம் எதையோ சொல்லியனுப்பினாள்.

கொடைக்கு முந்தின நாள் உச்சிவேளை. பந்தலுக்குக் கால் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா எழுந்து கோயிலுக்குப் பின்னால், கயிற்றுக்குள்ளேயே இருந்த கிணற்றுக்குப் போனார். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. தண்ணீர் வற்றி, அடியில் பாறை தெரிந்தது. விளிம்பில் நின்று, "கீழ வெளிச்சமா இருக்கு. கூப்பிடுதாவ. போறேன்" என்றார்.

எல்லாரும் ஓடிவந்தார்கள். ஓடிவந்தவர்கள் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். பந்தல்காரர் ஒருவர், "அண்ணாச்சி, எட்டிப் பிடிச்சிருவமா?" என்று காலைத் தூக்கினார். பெரியப்பா அவர் தோளைப் பிடித்து இழுத்தார். "தொடாதல! நாளைக்குக் கொடைய வச்சுக்கிட்டு! சாமி நம்மளச் சோதிக்கி" என்றவர், கைகளைக் கூப்பி, "ஐயா, வந்துரும் ஐயா, எறங்காதயும்" என்று கெஞ்சினார். கொட்டுக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கொட்டடித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். சத்தம் கூடக்கூட சித்தப்பாவின் உடம்பு ஆடியது. குதிகாலுக்கடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்து கிணற்றுக்குள் விழுந்தது.

நான் பால் செம்போடு கயிற்றுக்குள் நின்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பழைய சித்தப்பாவின் குரலில், மெதுவாக, "தாயி, பயமா இருக்குட்டி" என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சாமி எப்படிப் பயப்படும்? நாம்தானே சாமிக்குப் பயப்பட வேண்டும்? நான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து விபூதிக்காகக் கையை நீட்டினேன்.

அப்போது காட்டுப்பாதையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு பைக் வந்தது. சித்தியின் தம்பி ஓட்டிவந்தான். பின்னால் சித்தி, மடியில் துணி சுற்றிய குழந்தையோடு. வண்டி நிற்குமுன்பே இறங்கினாள். குழந்தையை என் அம்மா கையில் கொடுத்தாள்.

"ஏ தாயி, நில்லு! புள்ள பெத்த தீட்டோட எல்லைக்குள்ள காலை வைக்காத!" என்று பெரியப்பா கத்தினார்.

அவள் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தாள். கொட்டு நின்றுவிட்டது. அவள் வேகமாக நடக்கவில்லை. மிரண்ட மாட்டிடம் போவதுபோல, அவர் பார்க்கும்படி பக்கவாட்டில் போனாள். வேட்டி முனையை முதலில் பிடித்தாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு இரண்டு கைகளாலும் இடுப்பைக் கட்டி, விளிம்பிலிருந்து பின்னால் இழுத்து மண்ணில் உட்காரவைத்தாள்.

"சாமிகிட்ட என்னம்மா இது?" என்றார் பெரியப்பா. அழுகிறாரா, கோபப்படுகிறாரா என்று தெரியவில்லை.

"சாமியப் பாத்துக்கிட ஊரே இருக்கு, மச்சான். இவியளுக்கு நான்தான இருக்கேன்" என்றாள். கடவுளிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்றை அடுத்து அவள் கேட்டாள். அதைக் கேட்டதும் சித்தப்பா ஏன் அப்படி வாய்விட்டு அழுதார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது.

அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, சேலைத் தலைப்பால் விபூதியைத் துடைத்துக்கொண்டே, சித்தி கேட்டாள்: "இங்கேருங்க, நீங்க கண்ணசந்து எத்தன நாளாச்சி?"