நிழல் ஸ்டாண்டு ராஜா

முதல் நாவல் எழுதியவர்களிடம் எல்லாரும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்கிறார்கள். "இப்படி ஒரு மாய நாடு உங்களுக்கு எப்படித் தோன்றியது?" கனவில் வந்தது என்று சொன்னால் அவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். உண்மை அதுவல்ல. அந்த நாடு திருமலையில் ஒரு செருப்பு ஸ்டாண்டில் பிறந்தது. அதை உண்டாக்கியவளும் நான் இல்லை, என் அண்ணன்.

நாங்கள் நகரிப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். ஊர் போர்டில் தெலுங்கு இருக்கும், வீட்டுக்குள் தமிழ் இருக்கும். அப்போது எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. மாங்காய் சீசனில் நைனா தோப்புக் காவலுக்குப் போவார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் பகல் காவல் எனக்கும் அண்ணனுக்கும். ஒரு வருடம் குடும்பத்தோடு மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தோம். செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கியதும், திரும்பி வந்து அத்தனை பேர் செருப்புகளுக்கு நடுவே எங்களுடையதைத் தேடியதும் அண்ணன் மனதில் பசை போல ஒட்டிக்கொண்டன. அடுத்த வாரம் தோப்பில் உட்கார்ந்துகொண்டு அவன் ஒரு நாட்டை ஆரம்பித்துவிட்டான். அந்த நாட்டை விட்டு வெளியே போகிறவர்கள் தங்கள் நிழலை வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வரும்போது குவியலில் தன் நிழல் எது என்று தானே கண்டுபிடிக்க வேண்டும். முடியாதவர்கள் யாருடைய நிழலையாவது போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஸ்டாண்டில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவர் அந்த நாட்டு ராஜாவேதான். ஆள் வைத்துக்கொள்ள வசதி இல்லாத ராஜா.

ராஜா பேசும்போது அண்ணன் குரலைக் கட்டையாக்கிக்கொள்வான்.

"இன்னாடா, எந்த ஊருக்குப் போய்க்கினு கீறே? சோறு துன்னியா? நெழல இப்டி வெச்சுட்டு டோக்கன் வாங்கிக்கோ. தொலைச்சுட்டேன்னு வந்து என்கிட்ட அழுவாதே."

கதையில் சாமி வந்தால் அது மட்டும் தெலுங்கில் பேசும். எங்களுக்குத் தெரிந்து பள்ளிக்கூடம், போலீஸ், தாலுகா ஆபீஸ் எல்லாமே தெலுங்கு. சாமி அவர்களைவிடப் பெரிய ஆபீசர், அவ்வளவுதான். படையை இங்கிலீஷில் எண்ணுவார்கள். "டென் தௌசண்ட் குதிரை ரெடி ராஜா" என்று தளபதி சொன்னால், "அதுங்களுக்குப் புல்லு யாரு உங்கப்பனா போடுவான்?" என்று ராஜா கேட்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் குரங்குகள் காயைப் பறித்துப் போட்டுவிட, நாங்கள் நைனாவிடம் அடி வாங்கியதும் உண்டு.

அண்ணன் இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்தான், லைசென்ஸ் எடுத்தான், டிரைவராக குவைத்துக்குப் போய்விட்டான். அப்போது எங்கள் பக்கத்தில் பையன்களுக்கு அதுதான் தெரிந்த வழி. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை வந்ததும், கம்பெனி பஸ் ஊருக்குள்ளேயே வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதும் வெகுகாலம் கழித்து. கொஞ்சம் பொறுத்திருந்தால் அவனுக்கும் பக்கத்திலேயே ஏதாவது கிடைத்திருக்கும் என்று அம்மா இன்னும் புலம்புகிறாள். நான் சித்தூரில் டிகிரி படித்துவிட்டு, திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கேதான் எழுத ஆரம்பித்தேன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அண்ணன் இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை, வாய்விட்டுச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. காலையில் ரூம் காலி செய்கிறவர்கள் போன பிறகு, அடுத்த கூட்டம் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்வரை ஒரு இடைவெளி கிடைக்கும். அந்த நேரத்தில் கவுண்டருக்குக் கீழே காகிதத்தை வைத்துக்கொண்டு எழுதுவேன். நான் தெலுங்கு மீடியம். எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அதனால் தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதினேன். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மளிகைச் சாமான் எழுதுவதுகூட இப்படித்தான், யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றாது. லாட்ஜ் மேனேஜர் குண்டூர்ப் பக்கத்துக்காரர். ஒருநாள் காகிதத்தை எடுத்து ஒரு வரியைச் சத்தமாகப் படித்துவிட்டு, ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "இதேம் பாஷம்மா?" என்றார். இது என்ன பாஷை என்று எனக்கே அப்போது சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு லீவு. அன்றைக்குத்தான் போன் செய்வான். அம்மா பேசி, நைனா பேசி, கடைசியில் என்னிடம் வரும்போது கார்டில் காசு தீரும் நிலையில் இருக்கும். "ராஜா எப்டி கீறாரு?" என்று கேட்பான். எழுதியதைச் சொல்வேன். அடுத்தது என்ன என்று தெரியாமல் திண்டாடினால் அவனையே கேட்பேன். ராஜாவுக்குப் பெண்டாட்டி உண்டா என்று கேட்டதற்கு, "கீறாங்க, அவங்களும் ஸ்டாண்டுலதான் கீறாங்க, லேடீஸ் பக்கம்" என்றான். அதை வைத்துக்கொண்டு நான்கு அத்தியாயம் எழுதினேன். முழுசாகப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டான். "புக்கு வரட்டும் பாப்பா. ஊருக்கு வந்து ஒக்காந்து ஒரேடியா கேக்கறேன்." அவனுக்கும் என்னைப் போலவே தமிழ் படிக்கத் தெரியாது. ஆகவே நான்தான் படிக்க வேண்டும். அந்தப் புத்தகத்தை நான் எழுதியது அந்த ஒரு நாளுக்காகத்தான். வேறு யார் படித்தாலும் படிக்காவிட்டாலும் எனக்குப் பெரிதாகத் தோன்றியதே இல்லை.

எழுதி முடிக்க வருடங்கள் ஆயின. அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, லாட்ஜில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எழுதியதை எடுத்துக்கொண்டு லீவு நாட்களில் திருத்தணிக்குப் பஸ் ஏறுவேன். அங்கே ஒரு டிடிபி கடையில் நான் சத்தமாகப் படிக்கப் படிக்க ஒரு பெண் தமிழில் அடித்துக்கொடுத்தாள். ராஜா வாயைத் திறந்தாலே அவள் கையை எடுத்துவிட்டுச் சிரிப்பாள். "அக்கா, எங்க மாமா பேசற மாதிரியே கீது!" என்பாள். எழுத்து வாழ்க்கையில் சந்தோஷம் என்று நான் எதையாவது சொல்ல வேண்டுமானால் அந்தச் சில மாதங்களைத்தான் சொல்வேன்.

சென்னைப் பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். யாரும் பதில் போடவில்லை. கடைசியில் ஒருவர் மட்டும் கூப்பிட்டார். கதை பிரமாதம், அந்த நிழல் விஷயம் பிரமாதம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, நிதானமாக விஷயத்துக்கு வந்தார்.

"ராஜா இப்படிப் பேசினா வாசகர் நம்புவாங்களாம்மா? இது மாயாஜால நாடு. ஒரு கம்பீரம் வேணும். ராஜா செந்தமிழ்ல பேசட்டும். குதிரையை இங்கிலீஷ்ல எண்ணறதெல்லாம் காமெடி ஆயிடும். சாமி எதுக்குத் தெலுங்கு பேசுது?"

எங்கள் ஊரில் அப்படித்தான் என்றேன். "உங்க ஊர் வேற, உங்க நாடு வேறம்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் புத்தகத்தைப் போட நினைத்த ஒரே மனிதர் அவர்தான். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, வயதும் ஏறிக்கொண்டிருந்தது, அண்ணன் அங்கே காத்திருந்தான்.

சரி என்றேன். அகராதி ஒன்று வாங்கினேன். தமிழ் எழுத்தைத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். எழுதிய தாள்களிலேயே பழைய வரியை அடித்து மேலே புதிய வரியை எழுதினேன். சோறு துன்னியா என்பது போய் "உணவருந்தினையோ" வந்தது. எந்த ஊருக்குப் போய்க்கினு கீறே என்பது போய் "வழிப்போக்கனே, எத்திசை நோக்கிச் செல்கின்றாய்? நின் நிழலை எம்மிடம் ஒப்படைப்பாயாக" என்று வந்தது. டோக்கன் "அடையாள முத்திரை" ஆனது. நைனாவுக்குத் தாத்தா ஆன வயதில் யாரோ கோட்டு சூட்டு மாட்டி உட்காரவைத்த மாதிரி இருந்தது. கோபம் வரும், பேனாவை வீசுவேன், பிறகு நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவேன். ஒரு கட்டத்துக்குமேல் அதுவும் பழகிவிட்டது. அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாத விஷயம். பழைய ராஜா என் காதில் பேசுவதை நிறுத்திவிட்டார். யோசிக்காமல் எழுதினாலே "ஒப்படைப்பாயாக" என்று வர ஆரம்பித்தது. திருத்தணிப் பெண் அதே ஃபைலில் மாற்றி அடித்துக்கொடுத்தாள். இந்தமுறை சிரிக்கவில்லை. "இப்ப புக்கு மாதிரி ஆயிட்ச்சிக்கா" என்று மட்டும் சொன்னாள்.

புத்தகம் வந்தது. அட்டையில் கிரீடம் வைத்த ஒரு ராஜா, பின்னால் கோட்டை. எங்கள் ராஜாவுக்குத் துண்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஒரு பத்திரிகையில் நாலு வரி எழுதினார்கள். கற்பனை நன்றாக இருக்கிறதாம், மொழியில் உயிர் இல்லையாம், ஆசிரியருக்குத் தமிழ்ப் பழக்கம் குறைவு போலிருக்கிறதாம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு லாட்ஜ் பாத்ரூமில் போய் அழுதேன். அதன் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டாவது நாவல் எப்போது என்று கேட்கிறவர்களிடம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வாய் கூசாமல் பொய் சொல்கிறேன்.

அண்ணன் லீவில் வந்தான். தலை நரைத்து, தொப்பை போட்டு, சர்க்கரை மாத்திரை டப்பாவோடு வந்தான். புதிதாக வாங்கிய நிலத்தில் போர்வெல் போடுவது, பிள்ளைகளின் இங்கிலீஷ் மீடியம் ஃபீஸ் என்று வந்த நாள் முதல் ஓட்டம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவனே கூப்பிட்டான். "பாப்பா, புக்கக் கொண்டா. இன்னிக்கி முழுசும் உனக்குத்தான்." போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தான். பாயில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். தோப்பில் நான்தான் அப்படி உட்காருவேன், அவன் கதை சொல்லுவான்.

அவனுக்குப் பிடிக்கும் என்று ராஜா வரும் இடத்திலிருந்தே ஆரம்பித்தேன். ஸ்டாண்டு, வாசல், குவிந்து கிடக்கும் நிழல்கள், ராஜா ஒவ்வொருவரையும் விசாரிப்பது. நிறுத்தி நிறுத்தி, தப்பில்லாமல் படித்தேன். அவன் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். முதலாளி அரபியில் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிப் பழகியவனின் "ம்" அது. ஒரு இடத்தில்கூட அவன் சிரிக்கவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணைத் திறந்து, என் மனம் நோகக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னான்.

"ரொம்ப நல்லா கீது பாப்பா. பெரிய பெரிய ஆளுங்க பேசற மாதிரி கீது. நம்ம ராஜா எப்ப வருவாரு?"

அதுவரை நான் படித்த அத்தனை பக்கங்களிலும் பேசிக்கொண்டிருந்தது அந்த ராஜாதான். பழைய மாதிரி ஒரு வரி, ஒரே ஒரு வரி சொல்லிக் காட்டலாம் என்று தொண்டையைச் செருமினேன். ஒன்றும் வரவில்லை. அண்ணன் ஆசையாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வருவாருண்ணா, இன்னும் கொஞ்சம் போவணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தேன்.