பத்மஜாவின் பேச்சு புரிந்தவள்

கடைசி மூன்று வருடங்களில் டாக்டர் பத்மஜா பேசியது அவருடைய அண்ணனுக்கே புரியாது. தொண்டையும் நாக்கும் தளர்ந்துபோய், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கேட்டு மற்றவர்களுக்குத் திருப்பிச் சொன்னவர் ரம்ஜான் பீ.

ரம்ஜான் பீயின் கணவர் அரக்கோணத்தில் லாரி மெக்கானிக்காக இருந்தார். அவர் இறந்தபோது இவருக்கு முப்பத்தெட்டு வயது, படிக்கிற வயதில் ஒரே மகள் ஃபர்ஹா. வேலை தேடிக்கொண்டிருந்தபோது, திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் வைத்தீஸ்வரன் தன் தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். ஒன்பது வயதிலிருந்து அந்தத் தங்கைக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டே வந்தன. சென்னையில் முனைவர் பட்டம் வாங்கி ஊர் திரும்பியபோது, வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும்தான் அசைந்தன.

முதல் நாள் பத்மஜா கணினித் திரையில் ஒரு சாம்பல் நிற வட்டத்தைக் காட்டினார். பாறையில் படரும் லைக்கன் என்றார்.

"பிரியாணியில போடுற கல்பாசி மாதிரி கீதுங்களே மேடம்."

"ஆங், அதுக்குச் சொந்தக்காரிதான். ஆனா இவ ரொம்ப மெதுவா வளருவா. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளந்தா பெரிசு. வண்டிப் புகை பட்டா அதுவும் இல்ல."

மலைச் சாலையோரப் பாறைகளில் பதினொன்று, வண்டி வராத பின்பக்கச் சரிவில் பதினொன்று என்று இருபத்திரண்டு வட்டங்களைப் பத்மஜா தேர்ந்தெடுத்திருந்தார். ஜூனிலும் டிசம்பரிலும் அவற்றை அளக்க வேண்டும். அவரால் பாறை ஏற முடியாது. ரம்ஜான் பீ ஏறி, வட்டத்தின் மேல் கண்ணாடித்தாளை வைத்து, ஓரத்தை மெல்லிய பேனாவால் வரைந்து கொண்டுவருவார். ஒவ்வொரு தாளையும் பத்மஜா ஒரு மணி நேரமாவது பார்ப்பார். இப்படியே பதினொரு வருடம்.

ஆறாவது வருட டிசம்பரில் நான்கு நாள் விடாத மழை. கல்யாணமாகி பெங்களூரில் இருந்த ஃபர்ஹாவுக்குப் பிரசவ நேரம். ரம்ஜான் பீ சாலையோர வட்டங்களை மட்டும் அவசரமாக அளந்தார். பின்பக்கம் போகவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து பழைய தாள்களின் மேல் புதுத் தாளை வைத்து, கோட்டைக் கொஞ்சம் தள்ளி வரைந்து கொடுத்துவிட்டு ரயில் ஏறினார்.

பத்து நாள் கழித்துத் திரும்பியபோது பத்மஜா முதலில் குழந்தையைப் பற்றி விசாரித்தார். பிறகு கேட்டார்.

"பின்பக்கம் பாறை வழுக்குச்சா?"

"ஆங், வழுக்கினுதான் இருந்துச்சு மேடம்."

"அப்புறம் எப்படி ஒரு கோடுகூட நடுங்கல?"

ரம்ஜான் பீக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போய்விட்டது என்றே நினைத்தார். பத்மஜா, சென்னையில் கூட வேலை செய்த பேராசிரியர் அனுராதாவுக்கு மெயில் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி முடிக்க நெடுநேரம் ஆனது. அந்த அரை வருடத்துக் கணக்கு முழுவதும் நீக்கப்பட்டது. அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒரு வருடம் தள்ளிப்போனது.

"என் பேரைச் சொல்லி எழுதினீங்களா மேடம்?"

"அளக்கலன்னு எழுதினேன். அவ்வளவுதான் நடந்துச்சு."

அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. நாற்பத்தேழு வயதில், நுரையீரலில் சளி கட்டி, ஒரு விடியற்காலையில் இறந்துபோனார்.

முதலாண்டு நினைவுக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பேசியவர்கள் எல்லோரும் சக்கர நாற்காலியைப் பற்றியே பேசினார்கள். தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்றார்கள். லைக்கனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கடைசியில், பார்த்துக்கொண்ட அம்மா இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கைக் கொடுத்தார்கள். ரம்ஜான் பீ, தான் பொய்யாக வரைந்து கொடுத்ததையும் மேடம் கண்டுபிடித்ததையும் சொன்னார். "அவங்க எப்படி வேலை செஞ்சாங்கன்னு எனக்கு அதுலதான் தெரிஞ்சுச்சு" என்று முடித்தார். கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் அனுராதா அவரைத் தேடி வந்தார்.

"மேடம் பேசிப் பதிவு பண்ணி வெச்ச குறிப்பு நாப்பத்தோரு ஃபைல் இருக்கும்மா. எங்க யாருக்கும் ஒரு வரி புரியல. நீங்க கேட்டு எழுதித் தர முடியுமா?"

ரம்ஜான் பீ எட்டாவது வரை படித்தவர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நோட்டில் எழுதினார். முதல் நாள் அந்தக் குரல் காதில் விழுந்ததும் "சொல்லுங்க மேடம்" என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தினமும் அப்படியே சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். பகல் முழுக்க வீட்டில் கேட்ட பேச்சு அது ஒன்றுதான். வாரத்துக்கு ஒருமுறை ஃபர்ஹா ஃபோன் செய்வாள். இங்கேயே வந்துடும்மா என்பாள்.

முப்பத்து மூன்றாவது பதிவில் ஓரிடத்தில் நான்கைந்து சொற்கள் பிடிபடவில்லை. மூன்று நாள் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"முன்ன பின்ன பாத்து, பொருந்துற மாதிரி ஏதாச்சும் போட்டுடலாமா?" என்று ஃபோனில் அனுராதா கேட்டார்.

"வேணாங்க. புரியலன்னே போடுங்க."

நாற்பதாவது முடிந்ததும் பத்து நாள் எதையும் கேட்காமல் தள்ளிப்போட்டார். மிச்சம் இருந்தது ஒன்றுதான். பதினோராவது நாள் கேட்டார். பதினேழாம் வட்டத்தின் ஓரம் உதிர்கிறது என்று தொடங்கிய குரல் இருமலில் நின்றுபோயிருந்தது. அதையும் எழுதி, நோட்டைச் சென்னைக்கு அனுப்பினார்.

டிசம்பர் வந்தது. ஆய்வு முடிந்துவிட்டது, இனி அளக்க வேண்டியதில்லை என்று அனுராதா சொல்லியிருந்தார். பரவாயில்லை, அளந்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ரம்ஜான் பீ கண்ணாடித்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு பின்பக்கச் சரிவில் ஏறினார். அந்த மழை டிசம்பருக்குப் பிறகு, பத்மஜா இருந்தவரை, ஃபோனை ஸ்பீக்கரில் வைத்து ஒவ்வொரு வட்டத்தின் எண்ணையும் சொல்வார். வீட்டிலிருந்து பத்மஜா "ம்" என்பார். அப்புறம்தான் இவர் தாளில் பேனாவை வைப்பார். இப்போதும் எண்களை வாய்விட்டே சொன்னார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வரைந்தார்.