அப்டேட்டாரின் ஏரி

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரிலுள்ள எழுத்துகளைப் படிக்கிற ஆள் நாலாவது வரியில் தடுக்கி நிற்கும்போது, அப்டேட்டார் லென்ஸை மாற்றிக்கொண்டே கேட்பார்: “உங்க ஃபோன்ல கடைசியா எப்போ அப்டேட் போட்டீங்க?” வந்தவருக்கு எழுத்தும் மறந்துவிடும், எந்தக் கண்ணைப் பொத்தினோம் என்பதும் மறந்துவிடும். என்ன பதில் சொன்னாலும் அப்டேட்டார் உதட்டைப் பிதுக்குவார். கண்ணாடி தயாராகிற நேரத்துக்குள் அந்த ஃபோனைக் கேட்டு வாங்கி, இருக்கிற அப்டேட்டையெல்லாம் போட்டுக் கொடுத்துவிடுவார். “கண்ணாடி போட்டதும் உலகமே தெளிவாயிடுச்சுங்க. ஃபோன்லதான் எது எங்க இருக்குன்னே தெரியலை” என்று போன மாதம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை திரும்பி வந்து நின்றார்.

தெருவில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. கண்ணாடிக்கடையின் பெயர்ப்பலகையில் இருந்த பெயரையும் ஓடும் எழுத்து விளக்காக மாற்றப் போய், அது இரண்டே நாளில் ஓடுவதை நிறுத்திப் பாதி எழுத்தில் நின்றுவிட்டது. கேட்டால், “அந்தப் பாதி நான், மீதி அடுத்த வெர்ஷன்ல வரும்” என்பார்.

லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குக் கீழே ஒரு பெரிய இழுப்பறை இருக்கிறது. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் மார்ச்சுவரி. தண்ணீர் குடிக்கச் சொல்லி ஞாபகப்படுத்தும் பாட்டில் ஒன்று அதில் கிடக்கிறது. பாட்டிலுக்குச் சார்ஜ் போடச் சொல்லி ஞாபகப்படுத்த ஆளில்லாமல் அது செத்துப்போனது. தூக்கத்தை அளக்கும் கடிகாரம் ஒன்று. “நீங்கள் சரியாகத் தூங்கவில்லை” என்று அது தினமும் காலையில் சொல்ல, அந்தக் கவலையிலேயே அவருக்கு உள்ள தூக்கமும் போயிற்று. புதிதாக எதையாவது வாங்க வேண்டுமா என்று யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு இழுப்பறையைத் திறந்து காட்டுவார். “முதல் வெர்ஷனை வாங்கறவன் இருக்கானே, அவன் தானே காசு குடுத்து கம்பெனிக்கு வேலை பாக்கறவன். நான் அப்படி ஏழெட்டு கம்பெனில வேலை பாத்திருக்கேன். ஒருத்தனும் அனுபவச் சான்றிதழ் குடுக்கலை.” சொல்லிவிட்டு, இன்னும் சந்தைக்கு வராத ஏதோ ஒன்றுக்கு முன்பதிவு செய்த செய்தியைத் தன் ஃபோனில் ஒருதரம் சரிபார்த்துக்கொள்வார்.

வீட்டில் பேச்சைக் கேட்டு விளக்குப் போடும் கருவி இருக்கிறது. அது மனைவி பேச்சைத்தான் கேட்கும். அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். குரலை உயர்த்தாமல் “லைட்” என்று ஒரு வார்த்தை சொன்னால் விளக்கு எரிகிறது. அப்டேட்டார் அதே சொல்லைக் கெஞ்சியும் கொஞ்சியும் சொல்லிப் பார்த்துவிட்டார். அது மன்னிப்புக் கேட்கிறது, பாட்டுப் போடுகிறது, பக்கத்து நாட்டு வானிலை சொல்கிறது. “அதுவும் என்னைப் புருஷன்னு புரிஞ்சுக்கிச்சு” என்று சொல்லி, எழுந்து போய் சுவிட்சைத் தட்டுவார். புதுக் கருவிகளைப் பற்றி அவர் பேசிப் போடும் வீடியோக்களின் கதியும் இதுதான். போன வாரத்துக் காணொளியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டதற்கு, “பத்துப் பதினோரு பேர் இருக்கும். அதுல பாதி நான்தான், வேற வேற ஃபோன்ல” என்றார்.

மெய்நிகர் உலகம் என்றால் அவருக்குத் தனிப் பிரியம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவர் போகாத கிரகமில்லை. ஆனால் வியாபாரி சரக்கைப் புகழ்வதுபோல அதைப் புகழ மாட்டார். “அங்க யாருக்கும் இடுப்புக்குக் கீழ ஒண்ணும் கிடையாது. கால் அடுத்த வருஷம் வருதாம். அஞ்சு வருஷமா அடுத்த வருஷம்தான்.” ஒருநாள் அங்கே ஒரு கூட்டத்தில் அசந்துபோய், இல்லாத மேசையில் கையை ஊன்றி, இருக்கிற தரையில் விழுந்தார். நெற்றியில் புடைப்போடு கடைக்கு வந்தவரிடம் எங்கே இடித்துக்கொண்டீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். மேசை இருந்தால் இடித்திருக்கும், இல்லாததால் வந்த காயம் இது என்று ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னார். விளக்கத்தைக் கேட்டவர்கள் நெற்றியைவிட்டுத் தலையைக் கவலையோடு பார்த்தார்கள்.

இத்தனையையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவர், ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் சிரிக்காமல் பேசுவார். அது பூட்டு.

அவருடைய அண்ணன் அதே தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். ஆணி, கீல், தாழ்ப்பாள், சங்கிலி, எல்லா அளவிலும் பூட்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் வீட்டு வாசல் கதவில் இருந்த பழைய பூட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, விரலை வைத்தால் திறக்கும் பூட்டு ஒன்றைத் தன் செலவில் மாட்டிக் கொடுத்தார் அப்டேட்டார். அதே வருஷம் அண்ணன் மகளின் கல்யாணத்தன்று காலையில் அந்தப் பூட்டுக்கு அப்டேட் வந்தது. சாமான்களை வண்டியில் ஏற்ற எல்லோரும் வெளியே வந்திருந்தார்கள். கல்யாணப் பெண் மட்டும் உள்ளே. கதவு சாத்திக்கொண்டது, உள்ளிருந்தும் திறக்கவில்லை. ‘புதுப்பிக்கப்படுகிறது, காத்திருக்கவும்’ என்று பச்சை விளக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் விரலை வைத்தார், அண்ணி வைத்தார், வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு விரலை வைத்துப் பார்த்தார்கள். மண்டபத்திலிருந்து ஃபோனுக்கு மேல் ஃபோன். கடைசியில் அண்ணனின் கடையிலிருந்தே ரம்பம் வந்து, ஜன்னல் கம்பியை அறுத்து, பெண்ணை அந்த வழியாக இறக்கினார்கள். அவள் காலைத் தரையில் வைத்ததும் பூட்டு ஒரு இனிமையான மணியடித்துத் திறந்துகொண்டது.

“ஊருக்கெல்லாம் பூட்டு விக்கறவன் வீட்டுக் கதவைத் திறக்க முடியலை” என்று சம்பந்தி வீட்டில் ஒருவர் சொன்னது அண்ணன் காதில் விழுந்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. எதிரில் பார்த்தால் அண்ணன் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். மூக்குக் கண்ணாடியைக்கூட வேறு எங்கேயோ போய் வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டபோது அப்டேட்டார் அன்று முழுவதும் கடையில் யாரிடமும் அப்டேட்டைப் பற்றிப் பேசவில்லை.

போன வருஷம் அண்ணன் கடையில் ஏணியிலிருந்து சறுக்கி, காலில் மாவுக்கட்டோடு படுத்தார். விஷயம் தெரிந்ததும் அப்டேட்டார் தன் பழைய ஹெட்செட் ஒன்றை எடுத்துத் துடைத்தார். அண்ணனின் பவர் மனப்பாடம். அந்தப் பவருக்கு இரண்டு சின்ன லென்ஸ் அறுத்துத் தேய்த்து உள்ளே பொருத்தினார். அதில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்: ஒரு ஏரி. அவரவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் அங்கே வரலாம், கரையில் உட்கார்ந்து தூண்டில் போடலாம், அவ்வளவுதான். மாட்டினால் நேராக ஏரிக்கரை, ஒரு பொத்தானும் அழுத்த வேண்டாம். தப்பித்தவறித் தன்னை அங்கே அடையாளம் கண்டுவிட்டால் அண்ணன் வாயில் என்ன வருமோ என்று பயந்து, அந்த ஹெட்செட்டின் மைக்கை அணைத்து, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியும் வைத்தார். பிறகு அண்ணியைக் கடைக்கு வரச்சொல்லிக் கொடுத்தார்.

“யார் குடுத்ததுன்னு சொல்லாதீங்க அண்ணி.”

“இந்தத் தெருவுல இதை வேற யாரு குடுப்பா, தம்பி?” என்றார் அண்ணி. ஆனால் வாங்கிக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து, சாயங்காலம் கடை சாத்தியபின் அப்டேட்டார் தன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போனபோது கரையில் ஒரு புது உருவம் உட்கார்ந்திருந்தது. தேர்ந்தெடுக்கும் உருவங்களின் பட்டியலில் முதலில் இருக்கும் சிவப்புத் தொப்பி உருவம், முகமெல்லாம் பொம்மை. ஆனால் தலை இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வை ஆயிரம் பேர் கூட்டத்திலும் அப்டேட்டார் கண்டுபிடிப்பார். ஒன்றும் தெரியாதவர்போலப் பக்கத்தில் போய் உட்கார்ந்து தூண்டிலைப் போட்டார்.

அண்ணனின் கட்டுப் பிரித்தார்கள், கடைக்கும் போக ஆரம்பித்தார். ஆனாலும் சாயங்காலமானால் சிவப்புத் தொப்பி வந்துவிடும். தெருவில் கண்டால் விலகிப் போகிற மனிதர் ஏரிக்கரையில் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். பேச்சுதான் அணைந்திருக்கிறதே என்ற தைரியத்தில் அப்டேட்டார் தன்பாட்டுக்குப் புலம்புவார். கடையில் கூட்டமில்லாததை, மனைவியின் மூட்டுவலியை, முன்பதிவு செய்து ஏமாந்ததை எல்லாம் ஏரியைப் பார்த்துச் சொல்வார். சில நாள் பூட்டைப் பற்றியும் சொல்வார். “அந்த ஒரு நாளைக்காவது நான் அதை நிறுத்தி வச்சிருக்கணும், அண்ணே. புத்தி கெட்டுப்போச்சு எனக்கு.” சிவப்புத் தொப்பி அசையாமல் மிதவையைப் பார்த்துக்கொண்டிருக்கும். எப்போதாவது சம்பந்தமில்லாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும். அண்ணன் ஏதோ பொத்தானைத் தெரியாமல் அழுத்துகிறார் என்று அப்டேட்டார் நினைத்துக்கொள்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனியிடமிருந்து அறிவிப்பு வந்தது. மாதக் கடைசியோடு ஏரி மூடப்படுகிறது. இதுவரை உடனிருந்ததற்கு நன்றி.

ஆன்லைனில் இருக்கிற எதுவும் நம்முடையது இல்லை, எல்லாம் வாடகை வீடு என்று வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்தவர் அவர். இப்போது அந்த உபதேசம் அவருக்கே திரும்பியது. அண்ணன் ஒருநாள் ஹெட்செட்டை மாட்டுவார், உள்ளே கும்மிருட்டாக இருக்கும். இவன் கொடுத்த பொருள் என்றைக்கு உருப்படியாக வேலை செய்திருக்கிறது என்று கழற்றி வைப்பார். அத்தோடு தீர்ந்தது. இன்னொரு நாலு வருஷம், அல்லது உள்ள ஆயுசு முழுக்க.

கம்பெனிக்கு எழுதினார். ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று பதில் வந்தது. கூடவே அவர்களுடைய புதிய துப்பாக்கி விளையாட்டை முயன்று பார்க்கச் சொல்லி ஒரு அழைப்பும். ஏரியில் அண்ணன் எதிரே எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். மூடுகிறார்கள் என்பதைக் கையாலேயே காட்டப் போய், கதவைச் சாத்துவதுபோலச் சைகை செய்தார். அதைச் செய்யும்போதே கல்யாணத்தன்று சாத்திய கதவு ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டார். ஏரிக்கரையில் கிடைக்கும் சிவப்புப் பலூன்களைப் பறக்கவிட்டுப் பார்த்தார். “மாசக் கடைசியோட மூடறாங்களே, இதை எப்படி அண்ணே உனக்குச் சொல்றது” என்று தலையில் அடித்துக்கொண்டார். சிவப்புத் தொப்பி பலூன் போகும் திசையை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தியது.

மனைவி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். “என்னங்க, உங்க கடைக்கும் அண்ணன் கடைக்கும் நடுவுல ஒரு மருந்துக்கடை, ஒரு தையல்கடை. இதுக்குப் போய் எங்கயோ இருக்கற கம்பெனிக்கு எழுதிக்கிட்டு.”

“போனா என்ன சொல்லுவாரோ.”

“சொன்னா கேட்டுக்கங்க. திட்டு வாங்கறதுக்கு ஆப் எதுவும் வேணாமே.”

மறுநாள் பகலில் கடையைத் திறந்துபோட்டுவிட்டு நடந்தார். மருந்துக்கடையைத் தாண்டும்போது திரும்பிவிடலாமா என்று தோன்றியது. தையல்கடையில் தெரிந்தவர் கூப்பிட்டும் காதில் வாங்கவில்லை. இரும்புக்கடையில் அண்ணன் உயரமான முக்காலியில் உட்கார்ந்து ஒரு தச்சருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். தச்சர் போகும்வரை அப்டேட்டார் சங்கிலிகள் தொங்கும் இடத்தில் நின்றார். பேச வேண்டியதையெல்லாம் வழியில் அடுக்கிக்கொண்டுதான் வந்திருந்தார். வாயைத் திறந்ததும் எல்லாம் ஒன்றாகக் கொட்டியது.

“அண்ணே, அந்த ஏரியை மூடப்போறாங்க. நான் ஒண்ணும் பண்ணலை. கம்பெனியே மூடுது. இது அப்டேட் இல்லை, சத்தியமா இல்லை.”

அண்ணன் தராசுத் தட்டில் ஒட்டியிருந்த ஆணிகளைத் தட்டிவிட்டார். “தெரியும். மாசக் கடைசின்னு சொன்னியே.”

“நான் எப்போ சொன்னேன்?”

“ஒரு வாரமா வேற என்ன சொன்னே? காதுல வந்து வந்து ஒப்பாரி வெக்கறே.”

அப்டேட்டாருக்குச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அண்ணனின் மைக்கை அணைத்தார், பூட்டினார், எல்லாம் சரி. தன்னுடைய மைக்கை அவர் தொடவேயில்லை. ஊரிலுள்ள ஃபோனுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர், மாதக்கணக்காக அண்ணன் காதிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார். என்னென்ன சொன்னோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். மூட்டுவலி, முன்பதிவு, பூட்டு. தனியாக இருக்கிறோம் என்ற நினைப்பில் ஒருநாள் அழுததும் நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் காது சுட்டது. கூடவே, நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கியதும் தெரிந்தது.

“எல்லாமே கேட்டுச்சா?”

“எல்லாமே. நான் பேசினதுதான் உனக்குக் கேக்கலைன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது.”

“நீ பேசினியா? என்ன பேசினே?”

அண்ணன் ஒரு டப்பாவின் மூடியை எடுத்துச் சரியாக மூடி வைத்தார். “மொதல்ல திட்டினேன். ரொம்ப நாள் திட்டினேன். அப்புறம் அலுத்துப்போச்சு” என்றார். டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, “அந்தப் பூட்டுக் கதையை இனிமே சொல்லாதே. எத்தனை தடவை கேக்கறது” என்றார்.

அப்டேட்டார் தலையாட்டினார். அப்போதுதான் அண்ணனின் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பக்கக் காம்பு உடைந்து, அதைச் செம்புக் கம்பியால் சுற்றி முறுக்கி வைத்திருந்தது. கம்பியின் முனை நெற்றிப்பொட்டில் குத்தி அங்கே தோல் சிவந்திருந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் அண்ணனுக்குக் கையெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாமே புகைதான் என்று அப்டேட்டாரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. அவர் பார்ப்பதை அண்ணனும் பார்த்தார்.

அண்ணன் இரண்டு கையாலும் கண்ணாடியைக் கழற்றி, கம்பி தடுக்காமல் மெதுவாக மடக்கி, தம்பி நிற்பதாக நினைத்த பக்கம் நீட்டினார். கை கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அப்டேட்டார் அந்தப் பக்கமாக நகர்ந்து போய் வாங்கிக்கொண்டார்.