சில்லறை கொட்டாத மெசின்

நனைந்த கம்பளிக் கையுறை சூட்டில் காயும்போது ஒரு மணம் எழும். ஆட்டு மயிர், வியர்வை, கரைந்த பனி. இன்று காலை குளியலறை ஹீட்டரில் போட்டிருந்த கையுறையிலிருந்து அது வந்தது. பல் விளக்குவதை நிறுத்திவிட்டு நின்றேன். அந்த மணத்துக்குப் பின்னால் ஒரு சீட்டுக்கட்டு ராணி வருவாள், ஸ்கோப்பன் ராணி, மெசின் கண்ணாடிக்குள் பச்சை வெளிச்சத்தில். அவளுக்குப் பின்னால் அக்கா.

நோர்வேயில், லில்லெஸ்ட்ரோம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கடை. கோப்பி, சொசேஜ், பத்திரிகை. அதன் பின்மூலையில் காசு போட்டுச் சீட்டாடும் இரண்டு போக்கர் மெசின்கள் தோளோடு தோள் உரச நின்றன. அந்த நாட்களில் நான் காலையில் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தேன். மாலையில் அதே இல்லத்தின் சாப்பாட்டு மண்டபம். இடையில் மூன்று மணி நேரம். ஹவுகன்ஸ்டுவாவில் இருந்த என் வீட்டுக்குப் போய் வரலாம், ரயிலில் கொஞ்ச நேரந்தான். ஆனால் கதவைத் திறந்தால் வீட்டில் யாருமில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை வெறும் வீட்டுக்குள் நுழைவது போதும் என்று இருந்தது எனக்கு. என் கணவர் கனடாவுக்குப் போய், அங்கேயே இருந்துவிட்டார். இரண்டாம் தடவை நுழையாமல் இருக்கத்தான் நான் சூதாடினேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்.

அக்காவுக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. என்னிலும் பத்து வயது மூப்பு. முதல்நாள் வந்து பக்கத்து மெசினின் தலையில் இரண்டு கையுறைகளையும் விரித்துப் போட்டார். பழைய மெசின் உள்ளே எதையோ அவித்துக்கொண்டிருப்பதுபோல எப்போதும் சுடும். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“நீர் தமிழோ?”

“ஓம்.”

“எந்த ஊர் எண்டு நான் கேக்கமாட்டன். நீரும் கேளாதையும்.”

எங்கள் ஆட்களில் இப்படியொரு வாக்கியத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஊரைக் கேட்டால் தெருவைக் கேட்போம். தெருவைக் கேட்டால் யாருடைய மகள் என்று வந்துவிடும். அதற்குப் பிறகு செய்தி மோர்டென்ஸ்ருட்டுக்குப் போகும். அங்கேதான் அக்காவின் வீடு. கணவர் கோயில் நிர்வாகத்தில் இருந்தார், சொல்லுக்கு மதிப்புள்ளவர். மனைவி மெசினடியில் நிற்பது தெரிந்தால் அன்றோடு அக்காவின் மத்தியானங்கள் முடிந்துவிடும். அக்காவின் மத்தியானங்கள் முடிந்தால் என்னுடையவையும் முடியும். இதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. கடைக்குள் கறுத்த தலை ஒன்று நுழைந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பத்திரிகைத் தட்டுக்குத் திரும்பி, வாசிக்கத் தெரியாத பின்னல் வேலைப் பத்திரிகைகளைப் புரட்டுவோம். கோயிலில் எதிர்ப்பட்டால் ஒருவரை ஒருவர் தெரியாது.

விளையாட்டு எளிது. ஐந்து சீட்டு வரும். வேண்டியதை வைத்திருக்கலாம், மற்றதை எறிந்து ஒரே ஒரு தடவை புதிதாக வாங்கலாம். ஒவ்வொரு சீட்டுக்கும் கீழே ஒரு தடித்த பொத்தான். அமத்தினால் ‘டக்’ என்று எலும்புவரை கேட்கும், உள்ளே விளக்கு எரியும். வென்றால் தகரத் தட்டில் சில்லறை கொட்டும். அந்தச் சத்தத்துக்குக் கடையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காக அக்கா தட்டில் தன் சால்வையை முதலே விரித்து வைப்பார். வெற்றி பஞ்சுப் பொதிக்குள் விழுவதுபோல விழும்.

“அந்த ராசாவை ஏன் வைச்சிருக்கிறீர்? அவன் ஒண்டுக்கும் உதவான்.”

“அழகாய் இருக்கிறான், அக்கா.”

“அழகாய் இருந்தவன்தானே கனடாவிலை இருக்கிறான். எறியும்.”

எறிந்தேன். சிரித்தேன். அன்று முழுவதும் தோற்றேன்.

அந்த மெசின் நல்லது என்று சொல்ல வரவில்லை. அது என்னைத் தின்றது. தாள் காசை விழுங்கும் வாய் ஒன்று அதற்கு இருந்தது. ஒரு பனிக்காலத்துச் சம்பளம் அந்த வாய்க்குள் போனது. யார் நீ என்று அது ஒருநாளும் கேட்கவில்லை, போதும் என்றும் ஒருநாளும் சொல்லவில்லை. பிறகு அரசாங்கம் முதலில் அந்த வாயை அடைத்தது. அடுத்து ஒரு கோடையில் நாடு முழுவதும் மெசின்களைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். எங்கள் மூலையில் இரண்டு சதுரம் மிஞ்சியது, சுற்றியிருந்த நிலத்தைவிட வெளுப்பாக.

அதற்குப் பிறகும் நாங்கள் இரண்டு தடவை சந்தித்தோம். கோப்பி வாங்கி, உயர்ந்த மேசையில் எதிரெதிராக நின்றோம். அப்போதுதான் தெரிந்தது, இவ்வளவு காலமும் நாங்கள் முகம் பார்த்துக் கதைத்ததே இல்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு எல்லாம் கதைத்தோம். அக்காவின் மூத்த மகள் வீட்டில் நோர்வேஜிய மொழியில் மட்டும் கோபிப்பதை, பின்னேரங்களில் வீட்டுக் கதவைத் திறக்க எனக்கு மனம் வராததை, அக்காவுக்கு மாதவிடாய் நின்றுபோனதை. இப்போது முகம் எதிரே இருந்தது. அக்கா கோப்பையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். “குளிராய்க் கிடக்கு” என்றார். ஜூலை மாதம்.

பிறகு அவர் வரவில்லை. நான் மூன்று மணி நேரத்தையும் ரயிலில் கழித்தேன், ஏறியும் இறங்கியும்.

புது மெசின் வந்தபோது ஏறத்தாழ இரண்டு பனிக்காலமும் என் மாலை வேலையும் போயிருந்தன. ஒன்றே ஒன்று. மெலிந்து, உயர்ந்து, வெள்ளையாக, மருந்துக்கடைச் சாமான் போல. தலையில் கையுறை வைக்க இடமில்லை, வைத்தாலும் சூடில்லை. பொத்தான்களுக்குப் பதிலாகத் தொடுதிரை. மெசின் வந்ததறிந்து அக்காவும் திரும்பி வந்தார். அக்காவின் விரல் நுனிகள் சலவைத் தூளில் தேய்ந்து வழவழத்திருந்தன. திரை அவற்றை விரலென்று எடுத்துக்கொள்ளாது. அவர் சொல்வார், நான் தொடுவேன். ஒரே மெசினில் இரண்டு பெண்கள். அதுவரை நாங்கள் அவ்வளவு நெருங்கி நின்றதில்லை.

அது காசு வாங்காது. கார்டு கேட்கும். நாள் ஒன்றுக்கு இவ்வளவுதான், மாதத்துக்கு இவ்வளவுதான் என்று கட்டுப்பாடு இருந்தது. ஒரு மணி நேரம் விளையாடினால் தானாக நின்று ஓய்வெடுக்கச் சொல்லும். பழையது மூன்று நாளில் பறித்ததை இது ஒரு மாதத்திலும் பறிக்கவில்லை. என்னைக் கேட்டால் புதியதுதான் நல்லது, சந்தேகமில்லை. நல்ல தாதி போல. நல்ல தாதியோடு யாருக்குக் கதைக்க மனம் வரும்.

அந்தக் கார்டுக்கான படிவத்தை அக்காவுக்கு நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். பிறந்த எண் என்கிற ஆளடையாள எண், முகவரி, கொன்டோ நம்பர். வங்கிக் கணக்கை இங்கே நாங்கள் தமிழில் கதைக்கும்போதும் கொன்டோ என்போம். அக்கா அந்தப் பதினொரு இலக்கத்தையும் தேவாரம் சொல்வதுபோல மூச்சு விடாமல் சொன்னார். நான் அழகான கையெழுத்தில் எழுதினேன். இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சம்பளமென்றாலும் அரசாங்கம் தரும் பிள்ளைக்காசென்றாலும் எங்கள் வீடுகளில் பெண்கள் எங்கும் கொடுக்கும் எண் அது ஒன்றுதான், இந்த நாட்டுக்கு முதலில் வந்து சேர்ந்த ஆம்பிளை தன் பேரில் திறந்தது.

போகும் காசு கையால் போனது. கடையில் தாளைக் கொடுத்துக் கார்டில் ஏற்றுவோம். அதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஆகவே பயமும் இல்லை.

பெப்ரவரியில் ஒரு மத்தியானம். மூன்று ராணிகள் வந்தார்கள். மூன்றையும் வைத்திரும் என்றார், வைத்தேன். நான்காவதாக ஸ்கோப்பன் ராணி வந்தாள். அக்கா என் முழங்கையைப் பிடித்தார். இருவரும் குனிந்து, இல்லாத தட்டைப் பார்த்தோம். சத்தம் வரவில்லை. திரையில் ஒரு வாழ்த்து மட்டும் மினுங்கியது.

“காசு எங்கை?”

“இதிலை கொட்டாது, அக்கா. கொன்டோவுக்குப் போகும்.”

“எந்தக் கொன்டோவுக்கு?”

படிவத்தில் நான் எழுதிய அந்தப் பதினொரு இலக்கத்துக்கு. அவர் கை என் முழங்கையிலிருந்து மெல்ல இறங்கியது. அக்காவின் கணவர் மாத முடிவில் கண்ணாடி போட்டு வங்கித் தாளை வரிவரியாக வாசித்துக் கோப்பில் போடுகிறவர். அதில் இந்தத் தொகை, எங்கிருந்து வந்தது என்ற பெயரோடு, ஒரு வரியாக நிற்கும்.

“அந்தப் பிள்ளையைக் கேளும், திருப்பித் தோக்கலாமோ எண்டு.”

காசாளரிடம் கேட்டேன், இளம் பெண். நான் மொழியில் பிழைவிட்டதாக நினைத்துச் சிரித்தாள். வெல்லவா என்றாள். இல்லை, தோற்க என்றேன். தலையை ஆட்டினாள்.

“வென்றது வென்றதுதான். வங்கிக்குப் போய்விடும். உங்கள் அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள்.”

“என்னவாம்?” என்றார் அக்கா.

“ஏலாதாம்.”

கார்டைக் கைப்பைக்குள் வைத்து ‘சிப்’பை இழுத்தார். அழவில்லை. “இஞ்சை வந்த இருவது வருசத்திலை முதல்தரம் நாலு ராணி” என்று சொல்லிக் கொஞ்சம் சிரித்தார்.

நிலையத்துக்கு நடந்தோம். விரைவு ரயில் ஒரு மேடை, என் மெது ரயில் இன்னொரு மேடை. வழக்கமாக அக்கா எனக்காக மெது ரயிலில் ஏறி ஹவுகன்ஸ்டுவாவரை கூடவே வருவார். அன்று படியடியில் நின்றுவிட்டார்.

“பாங்குத் தாள் வரமுன்னம் நானே சொல்லிப்போடுறன். அதுதான் மரியாதை.”

“நானும் வரட்டோ, அக்கா? வீட்டை வந்து அண்ணையோடை நான் கதைக்கிறன். படிவம் நிரப்பினது நான்தானே.”

“உம்மை ஆரெண்டு சொல்லுறது? உம்மடை ஊரும் எனக்குத் தெரியாது.”

ரயில் வருவதாக ஒலிபெருக்கி சொன்னது. அவர் இரண்டு படி ஏறித் திரும்பினார்.

“ஆரோடை போனனீ எண்டு கேப்பார். தனியப் போனனான் எண்டுதான் சொல்லுவன். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்.”