அப்பா துடைத்த அம்புகள்

பென்னாகரத்தில் அப்பாவுக்குச் சைக்கிள் கடை. எண்பதுகளின் நடுவில், நான் தருமபுரியில் பி.ஏ. கடைசி வருடம் படித்தபோது, என் வில்வித்தைக்கு வேண்டிய சாமான்களெல்லாம் அந்தக் கடையில்தான் உருவாயின. கல்லூரி கொடுத்தது மூங்கில் வில் மட்டும்தான். நாண் பட்டு என் முன்கை கன்றிப்போனதைப் பார்த்த அப்பா, பழைய டியூபை வெட்டிக் கைக்குக் காப்பு செய்தார். நாணை இழுக்கும் விரல்களுக்குக் கிழிந்த சைக்கிள் சீட்டின் தோல். அம்புகளைப் போட்டுக்கொள்ள லாரி தார்ப்பாயில் தைத்த பை, அதன் அடியில் பால்பவுடர் டப்பா. பார்க்கக் கண்றாவியாகத்தான் இருக்கும். கூடப் பயிற்சி செய்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கோ அதைத் தோளில் மாட்டினால் தனித் திமிர்.

அம்பின் வாலில் ஒட்டும் இறகுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. அது நேராக நின்றால்தான் அம்பு நேராகப் போகும். சேவல் இறகைச் சீவி, பஞ்சர் சொல்யூஷனில் ஒட்டினார். வெயிலில் உரிந்துகொண்டு வந்தது. கடைசியில் தச்சரிடம் மரம் ஒட்டும் வஜ்ஜிரப் பசை வாங்கி, காய்ச்சி ஒட்டினார். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

மெட்ராஸில் பயிற்சி பெறும் மாநில அணிக்கான தேர்வு சேலத்தில் நடந்தது. படிப்பு முடிந்தால் வில்லைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதனால் எனக்கு இருந்தது அந்த ஒரு வாய்ப்புதான். அதற்கு இரண்டு நாள் முன்பு ஆயுத பூஜை. கடைச் சாமான்களைச் சுத்தம் செய்த கையோடு, அப்பா என் அம்புகளையும் ஈரத்துணியால் வால்வரை அழுந்தத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்.

"இதுவும் நம்மூட்டு ஆயுதந்தானே கண்ணு" என்றார். வஜ்ஜிரத்துக்கு ஈரம் ஆகாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

சேலத்தில் முதல் அம்பு விலகிப் போனது. நாணைச் சரியாக விடவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்த அம்பை எடுத்தபோது இறகு கையோடு வந்துவிட்டது. மற்றவற்றையும் பார்த்தேன். பசை இளகி, இறகுகள் கோணலாகக் காய்ந்திருந்தன. மாற்று அம்பு கிடையாது. நான் தேர்வாகவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அப்பா காத்திருந்தார்.

"என்னாச்சு கண்ணு?"

"சரியான காத்துப்பா."

அந்த முகத்தைப் பார்த்து வேறெதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றே சொல்லியிருந்தால் இருவரும் சேர்ந்து அழுதாவது தீர்த்திருப்போம். இன்றுவரை அதுதான் மனதை அறுக்கிறது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, "காத்து மட்டும் அடிக்காம இருந்திருந்தா எம்பொண்ணு மெட்ராஸ் போயிருக்குமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் வில் கையில் இல்லை, ஆனால் அம்புகள் பரணில் இருந்தன. ஆயுத பூஜையன்று நான் பூ வாங்கிக்கொண்டு கடைக்குப் போனபோது, அப்பா பழைய சந்தனக் கறை போக அவற்றை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். இறகுகள் கழன்று மிதந்தன. ஒன்றை எடுத்து, பசை இளகிப் பிசுபிசுத்த அதன் காம்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்குச் சேலத்துல காத்து அடிச்சுதா கண்ணு?"

"ஆமாப்பா" என்றேன்.

"பூவ உள்ள வை" என்றார், நிமிர்ந்து பார்க்காமலே. அதன்பிறகு அவர் யாரிடமும் அந்தக் காற்றைப் பற்றிப் பேசவில்லை.