கண்ணாடியோடு சண்டை பிடித்த குருவி

கோப்பாயில் எங்கள் கிணற்றடிப் பூவரசம் பொந்தில் ஒரு சோடி குண்டுக்கரிச்சான் குஞ்சு பொரித்திருந்தது. ஆண்குருவி விடியற்காலையிலேயே பாட்டைத் தொடங்கிவிடும். எனக்கு அதில் உயிரியல் பாடம் மட்டும்தான் கேட்டது. வீட்டு வளவில் தகரக் கொட்டில் போட்டு ரியூசன் நடத்துபவன் நான்.

மாரி முடிந்து பகல் நீளத் தொடங்க, ஆண்குருவியின் உடம்பில் ஓமோன் என்ற சுரப்பு ஊறும். அந்த நேரத்தில் தன் எல்லைக்குள் இன்னொரு ஆணைக் கண்டால் அதற்குச் சோறு தண்ணியும் வேண்டாம், பிள்ளை குட்டியும் வேண்டாம். இதைப் பத்துத் தரம் சொன்னாலும் என் வகுப்பு திருதிருவென்று முழிக்கும். ஆகவே பழைய மோட்டார் சைக்கிள் கண்ணாடி ஒன்றைப் பொந்துக்கு எதிரே கிணற்றுத் தூணில் கம்பியால் கட்டினேன். குருவி தன் உருவத்தோடேயே சண்டைக்குப் போனது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“சேர், உது சோதினையிலை வருமோ?” என்றாள் ஒருத்தி.

“வரும், வரும். வடிவாப் பார்.”

அன்று பின்னேரம் தாய்க்குருவியைப் பூனை கவ்விக்கொண்டு போய்விட்டது. மனைவி என் முன்னால் வந்து நின்றாள்.

“இஞ்சேருங்கோ, இனித் தேப்பன்தான் தீன் குடுக்கவேணும். உந்தக் கண்ணாடியைக் கழட்டுங்கோ.”

“நாளைக்கு ரெண்டு வகுப்பு இருக்கு. அதுகளும் பாக்கட்டும்.”

“குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்துதுகள்!”

“அதுதானே பாடமே. குஞ்சு வெல்லுதோ, ஓமோன் வெல்லுதோ எண்டு பாப்பம்.”

“உங்கடை நெஞ்சிலை ஈரமே இல்லையோ?”

அவள் கண்ணாடி மேல் துவாயைப் போட்டாள். நான் அதை இழுத்து எறிந்தேன். நான் சொன்னால் சொன்னதுதான். அந்தத் திமிர் எனக்கு எந்தப் பருவத்திலும் குறைவதில்லை.

மறுநாள் இரண்டு வகுப்புகளும் நன்றாகவே பார்த்தன. கண்ணாடியில் குருவியின் இரத்தம் தீற்றியிருந்தது. பொந்துக்குள் கத்தல் மதியம் மெலிந்து, பின்னேரம் நின்றது. அதைக் கேட்டுக்கொண்டேதான் பாடம் நடத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

வகுப்பு கலைந்த பிறகு கண்ணாடியைக் கழற்றினேன். குருவி கொஞ்ச நேரம் தூணைச் சுற்றிப் பறந்தது. பிறகு எங்கோ போய், ஒரு பச்சைப் புழுவோடு வந்து பொந்து வாயில் உட்கார்ந்தது. தலையை உள்ளே நீட்டியது, எடுத்தது, மறுபடி நீட்டியது. புழுவை விழுங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

தண்ணீர் அள்ள வந்த மனைவி வாளியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“சேர்,” என்றாள், “உது சோதினையிலை வருமோ?”